சொல்லாத எடை

துப்பாக்கிகளுக்கு எடை ஏறியது ஒரு வியாழக்கிழமை காலையில். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு காலத்தில் ஏரியாக இருந்து பிறகு சிமெண்டுத் தரையாகிப்போன அந்தக் கண்காட்சி வளாகத்தில், ஆயுதக் கண்காட்சிக்காக விரித்த சிவப்புக் கம்பளத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரித்திருக்கவில்லை. கதவு திறக்க ஒன்றரை மணி நேரம் பாக்கி இருந்தது. மூன்றாம் கூடத்தைத் துடைத்துக்கொண்டு வந்த மரகதம், வஜ்ரதாரா ஆயுத நிறுவனத்தின் கடையில் கண்ணாடி மேஜை ஒன்று நடுவில் பிளந்து கிடப்பதையும், அதன் மேல் வைத்திருந்த உள்ளங்கை அகலக் கைத்துப்பாக்கி தரைக்கு வந்து கம்பளத்தில் குழி பறித்துக்கொண்டு படுத்திருப்பதையும் பார்த்தாள். குனிந்து எடுத்தாள், வரவில்லை. துடைப்பக் கட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு, "நங்கூரம் மாதிரி கெடக்குதே இது" என்று சொல்லிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள், அப்போதும் வரவில்லை. பிறகு, கனமான எதைக் கண்டாலும் அந்த வளாகத்தில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். வாசல் பக்கம் திரும்பி, "துளுக்காணம் அண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டாள்.

துளுக்காணம் வியாசர்பாடிக்காரர். ஐம்பத்துநாலு வயது, ஒன்பது பேர் கொண்ட சுமை தூக்கும் குழுவுக்கு மேஸ்திரி. மாதவரம் கிடங்குகளில் அரிசி, உளுந்து, சிமெண்டு. கண்காட்சி நடக்கும் நாட்களில் இங்கே பெட்டிகள். முப்பத்தைந்து வருஷமாக இடது தோளிலேயே ஏற்றி ஏற்றி அந்தத் தோள் இரண்டு விரற்கடை இறங்கிப்போய், எந்தச் சட்டை போட்டாலும் அந்தப் பக்கம் வழுக்கியே நிற்கும். அவர் வந்தார், தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் மடித்துப் போட்டார், குந்தி உட்கார்ந்து ஒரே மூச்சில் கைத்துப்பாக்கியைத் தூக்கி எழுந்து, பின்னால் நின்ற தன் குழுக்காரன் எட்டியப்பனிடம் நீட்டி, "அம்பத்தெட்டு" என்றார். எட்டியப்பன், "அம்பத்தெட்டு" என்று திருப்பிச் சொல்லி வாங்கி, மரப்பெட்டியின் மேல் வைத்தான். இத்தனூண்டு இரும்புக்கு ஐம்பத்தெட்டு கிலோ எப்படி வந்தது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. எடை எப்படி வந்தது என்று கேட்பது அவர்கள் தொழிலில் இல்லை.

எடையைச் சொல்வது உண்டு. சுமை ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போகும்போது கொடுப்பவன் எடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வாங்குபவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் சரக்குதான் போகும், பாரம் கொடுத்தவனிடமே நின்றுவிடும் என்பது மாதவரத்தில் சின்னவன் பெரியவன் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். துளுக்காணத்தின் சித்தப்பா ஒருவர் ஏதோ கோபத்தில் வாய் திறக்காமல் கைமாற்றிவிட்ட ஒரு மூட்டை உளுந்தின் எடையைச் சாகும்வரை சுமந்தார் என்றும், கடைசியில் அவரைத் தூக்கிப்போன எட்டுப் பேரும் சுடுகாட்டுக்குள் போவதற்குள் மூன்று இடத்தில் இறக்கி வைத்தார்கள் என்றும் குழுவில் சொல்வார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். ஆனால் ஒருவனும் சொல்லாமல் கைமாற்ற மாட்டான்.

பத்து மணிக்குக் கதவு திறப்பதற்குள் எல்லாக் கடைகளிலும் எல்லாத் துப்பாக்கிக்கும் எடை ஏறி முடிந்திருந்தது. ஒன்றுக்கு ஏறியதுபோல் இன்னொன்றுக்கு ஏறவில்லை. மூன்று கிலோ என்று அட்டையில் போட்டிருந்த நீளத் துப்பாக்கி எழுபத்தொன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் அச்சு அசலாக அதேபோல் படுத்திருந்தது நாற்பத்தாறு. தொலைநோக்கிகள், தோல் உறைகள், காதடைப்பான்கள், குழலைத் துடைக்கும் எண்ணெய்ப் புட்டிகள், பொம்மைகளுக்கு மாட்டிவைத்த குண்டு துளைக்காத சட்டைகள், இவற்றுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. இதில் ஒரு விசித்திரம், மின்தராசில் வைத்தால் அட்டையில் போட்ட எடையைத்தான் அது காட்டியது. மேஜைக்குத் தெரிந்தது, கம்பளத்துக்குத் தெரிந்தது, கைக்குத் தெரிந்தது, தராசுக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

அமைப்பாளர்கள் கூடிப் பேசி, ஏரி இருந்த இடம், ஈரக் காற்று என்று ஒரு காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தார்கள். ஆயுதங்களைக் கையில் எடுப்போர் முதுகை நேராக வைத்துக்கொள்ளும்படி ஒலிபெருக்கி அரைமணிக்கு ஒருதரம் மூன்று மொழியில் கேட்டுக்கொண்டது. பதினொரு மணிக்குத் தச்சர்கள் கண்ணாடியை எல்லாம் பெயர்த்துவிட்டுத் தடித்த பலகை அடித்தார்கள். உறை விற்பவர் இடுப்பு வாரின் அகலத்தை இரண்டு மடங்காக்கி, புதிய வரவு என்று எழுதித் தொங்கவிட்டார். வாசலில் ஒருவர் வலித் தைலத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், தன்னால் அசைக்க முடியாமல் போன துப்பாக்கியைத் தட்டிக்கொடுத்து, எங்கள் காலத்தில் எல்லாமே இப்படித்தான் கனமாக இருந்தது என்று கூட வந்தவர்களிடம் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். சுடும் ஊசியைக் கழற்றிவிட்டுத்தான் துப்பாக்கியை உள்ளே விடுவார்கள், தோட்டா வாசலையே தாண்டாது, அதனால் வந்தவர்கள் கல்யாணத்துக்கு நகை பார்க்க வந்ததுபோல ஒவ்வொன்றாகத் தொட்டு, குறிபார்த்து, இன்னும் வேறு காட்டச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் எடை என்பது பழைய செய்தியாகிவிட்டது.

வஜ்ரதாராவின் விற்பனை மேலாளர் பிரசன்னகுமார்தான் முதலில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர். கெட்ட மனிதர் இல்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பின்பக்கம் மகளின் பள்ளிக்கூடப் படத்தைச் செருகி வைத்திருந்தார்.

"மேஸ்திரி, நீங்க தூக்கிப் பார்த்துச் சொன்னா எந்த அளவுக்குச் சரியா இருக்கும்?"

"அரை கிலோ முன்ன பின்ன இருக்கும் சார்."

"அப்ப நம்ம கடையில இருக்கிற எல்லாத்துக்கும் சொல்லிடுங்க. மஞ்சள் ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிடறேன். வாங்க வர்றவங்க முதுகைப் பிடிச்சுக்கிட்டுப் போனா கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு."

துளுக்காணம் தூக்கினார், சொன்னார். எட்டியப்பன் திருப்பிச் சொல்லி வாங்கி வைத்தான். பிரசன்னகுமார் எழுதி ஒட்டினார். இடுப்பு உயரத்துக்கு எடுப்பது, சொல்வது, கொடுப்பது, ஒன்றுக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை. நூற்று நாலு என்று ஒன்றைச் சொன்னபோது எட்டியப்பன், "அண்ணே, இது எங்க மாமனாரு" என்றான், குழு மொத்தமும் சிரித்தது. எழுபத்திரண்டு, அறுபது, நாற்பத்தொன்பது என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் நடுநடுவே பதினாறு வந்தது, பதினொன்று வந்தது, ஒன்பது வந்தது, ஒன்றே ஒன்று ஆறு வந்தது. இருபதுக்குக் கீழே மொத்தம் இருபத்துமூன்று. இலேசாக வந்ததைச் சொல்லும்போது துளுக்காணத்தின் குரலும் இலேசாயிற்று.

அன்று மத்தியானத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைக் கேட்டார்கள். லைட்டா இருக்கறதைக் காட்டுங்க. வங்கிக் காவலுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் கேட்டார்கள், துப்பாக்கிச் சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள், காட்டுப்பன்றிக்குப் பயந்த மாந்தோப்புக்காரர்கள் கேட்டார்கள். நூற்று நாலை யார் இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பது? கனமானவை பலகையிலேயே கிடக்க, மஞ்சள் ஸ்டிக்கரில் சின்ன எண் எழுதியவை ஒவ்வொன்றாகப் பேர் பதிந்து, உறையோடும் எண்ணெய்ப் புட்டியோடும் போயின. ஆறு என்று எழுதியதற்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். விளக்கணைக்கும்போது இருபத்துமூன்றும் தீர்ந்திருந்தது. பிரசன்னகுமார் மைசூர்பாகு வரவழைத்து, முதல் துண்டைத் துளுக்காணத்தின் கையில் வைத்தார். துளுக்காணம் அதைத் தின்றார். தித்திப்பாக இருந்தது. அதை அவர் பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டார், தித்திப்பாக இருந்ததே என்று.

மறுநாள் காலை, ஐந்தாம் கூடத்துக்குப் பின்னாலிருந்த சரக்கறையில் பிரிக்காத பெட்டி ஒன்று மிச்சமிருப்பதாகவும், அதில் ஒரு கைத்துப்பாக்கி இருப்பதாகவும், தூக்கி வரும்படியும் பிரசன்னகுமார் சொல்லி அனுப்பினார். துளுக்காணம் தனியாகப் போனார். பெட்டியைப் பிரித்தார், தோளில் துண்டை மடித்துப் போட்டார், எடுத்து வைத்தார். பதினாலு என்று உடம்பு சொன்னது. அங்கிருந்து கடைக்கு இருநூறு அடிக்கு மேல் நடக்க வேண்டும். முதல் நாள் தூக்கியவற்றை அவர் ஓர் அடிகூட நடத்திக்கொண்டு போகவில்லை. தூக்கும்போது ஒரு சுமை தன் அளவைத்தான் காட்டும், நடக்க நடக்கத்தான் அது இன்னதென்று காட்டும். அரிசி மூட்டை முப்பதாவது அடியில் தோளின் வளைவுக்குள் தன்னை நிரவிக்கொள்ளும். சிமெண்டு எத்தனை தூரம் போனாலும் அந்நியமாகவே இருக்கும். இது நாற்பதாவது அடியில் தலையைச் சாய்த்தது.

அவர் நின்றார். பிறகு மெல்ல நடந்தார். அது அவருடைய கழுத்துக்குழியில் கன்னத்தை வைத்து, ஒருமுறை விலகி, சரியான இடம் தேடி மறுபடி வைத்தது. இரண்டு கால்களும் அவர் நெஞ்சில் தொங்கி ஆடின. ஒரு கை முதுகுப்பக்கம் போய்ச் சட்டையைப் பிடித்தது. வழியில் மடித்துவைத்த கம்பளம் தடுக்கி அவர் தடுமாறியபோது பிடி இறுகி, அவர் நிதானித்ததும் பிடி தளர்ந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே எடையைத் துளுக்காணம் சுமந்திருக்கிறார். நதியா என்று ஒரே மகள், நாலு வயதுக்கு இரண்டு மாதம் பாக்கி, ஐந்து நாள் காய்ச்சல். விடிந்ததும் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோனது. எந்த ஆட்டோவும் ஏற்றவில்லை. அவர் பிள்ளையைத் துண்டில் போர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினார். கண்டக்டர் வந்து, "பாப்பா தூங்குதா? மூணு முடிஞ்சிருக்கும் போலக்கீதே" என்றார். துளுக்காணம் ஒரு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் வாங்கினார். பதினோரு நிறுத்தம். உட்கார இடம் கொடுத்தார்கள், அவர் உட்காரவில்லை. அந்த எடை எங்கும் சாயவில்லை, தடுமாறினால் பிடிக்கவில்லை, வைத்தது வைத்தபடி இருந்தது. இரண்டும் பதினாலு கிலோதான். ஆனால் தூங்குகிற பதினாலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்பது துளுக்காணத்தின் தோளுக்குத் தெரிந்த அளவுக்கு இந்த உலகத்தில் எந்தத் தராசுக்கும் தெரியாது.

கடைவாசலில் மரகதம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை நிறுத்தினாள்.

"இன்னாண்ணே?"

"கொழந்த."

"உயிரோடவா?"

"உயிரோடதான். தூங்குது."

"அப்ப சத்தம் போடாம வா" என்று சொல்லி, அவள் தண்ணி வாளியைக் காலால் ஒதுக்கி வழிவிட்டாள்.

அவர் அதை இறக்கி வைக்காமல் நின்றுகொண்டே எட்டியப்பனைக் கூப்பிட்டு, பலகையிலிருந்து அறுபத்தொன்று என்று ஸ்டிக்கர் ஒட்டிய நீளத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று சுற்றி வரச் சொன்னார். எட்டியப்பன் ஏதோ கிண்டல் பேசிக்கொண்டுதான் போனான். திரும்பி வரும்போது ஒவ்வோர் அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்தான்.

"அண்ணே, இது யாரோ பொம்பள. வலது முட்டி நோவுது அதுக்கு. ஒரு படி ஏறினா நின்னு நின்னு ஏறும் போல." பிறகு துப்பாக்கியைப் பலகையில் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "எங்கயோ சமையல் பண்ணிக்கினு இருக்கும் இந்நேரம்."

குழுவில் ஒன்பது பேரும் அன்று ஆளுக்கொன்றாக நடந்து பார்த்தார்கள். யாரைத் தூக்கினோம் என்று யாருக்கும் தெரியவில்லை. எப்படிப்பட்டவர் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தொந்தி உள்ளவர், இடதுகைக்காரர், ஏழு மாதக் கர்ப்பிணி. துப்பாக்கி எவரை விழவைக்கப் போகிறதோ அவரைத்தான் முன்கூட்டியே ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று ஒருவர் மற்றவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. கர்ப்பிணியைத் தூக்கியவன் தண்ணீர்க் குழாயடியில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

துளுக்காணம் பிரசன்னகுமாரிடம் போனார்.

"சார், நேத்து போன இருபத்துமூணையும் திருப்பி வாங்கணும்."

"என்ன மேஸ்திரி, விளையாடறீங்களா?"

"அத்தனையும் கொழந்தைங்க சார். நான் பாட்டுக்கு எடை சொல்லிட்டேன், நீங்க எழுதிட்டீங்க, அவங்க லைட்டா கீதுன்னு வாங்கினு போய்ட்டாங்க. இந்தா, இத்தத் தோள்ல வெச்சு நாப்பது அடி நடந்து பாருங்க. நான் ஒண்ணும் சொல்ல வேணாம்."

பிரசன்னகுமார் கைத்துப்பாக்கியை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். துளுக்காணம் விடவில்லை, பாதிப் பாரம்தான் அவர் கைக்குப் போனது. அதற்கே அவருடைய வலது கை, அவருக்குத் தெரியாமல், பிள்ளையின் பிடரியைத் தாங்குவதுபோல் மேல்பக்கம் நகர்ந்து விரிந்தது. அதை அவர் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். வெகுநேரம் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் நடக்கலை மேஸ்திரி" என்றார். "நடந்தா அப்புறம் என்னால இந்த வேலையைப் பார்க்க முடியாது. எனக்கு வேற வேலை தெரியாது." பிறகு, தரையைப் பார்த்தபடி, "ஸ்டிக்கருக்கு எடை என்னன்னு சொல்லுங்க."

"பார்த்துச் சொல்றேன் சார்."

வாங்கிப்போனவர்களின் விலாசத்தைக் கேட்டதற்கு, அதெல்லாம் தரக்கூடாது, சட்டமில்லை என்றார். அது உண்மையும்கூட.

அன்று சாயங்காலம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் துளுக்காணத்துக்கு மற்றதும் புரிந்தது. எடை போய்ச் சேர்ந்ததே அவர் சொன்னதால்தான். ஆறு என்று அவர் சொன்னார், ஆறு என்று எட்டியப்பன் திருப்பிச் சொன்னான், ஆறு என்று காகிதம் சொன்னது, ஆறு என்று வாங்கியவன் வாய்நிறையச் சொல்லிச் சிரித்து எடுத்துப்போனான். முப்பத்தைந்து வருஷம் ஒருதரமும் தவறாமல் பார்த்து வந்த முறையை நேற்றும் அவர் தவறாமல் பார்த்திருந்தார்.

மூன்றாம் நாள் கடைசி நாள். உரிமக் காகிதம் சரிபார்த்தவர்களுக்கு அன்றன்று மாலையில் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து, கழற்றிய ஊசியைத் தனிப் பொட்டலமாக மடித்துக் கொடுப்பார்கள். ராத்திரி பலகையில் கிடந்த, ஸ்டிக்கர் இல்லாத அந்தக் கைத்துப்பாக்கி காலையிலிருந்து துளுக்காணத்தின் தோளிலேயே இருந்தது. அதைச் சுமந்தபடியே அவர் மற்ற வேலைகளை ஒரு கையால் பார்த்தார். டீயை நின்றுகொண்டே குடித்தார். கடைசியில், இன்னும் இலேசானது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து தங்கவடிவேல் என்று ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, மாந்தோப்பு, ஒரு கல்யாண மண்டபம். எல்லோரையும் தம்பி என்று கூப்பிட்டார். பிரசன்னகுமார் ஒரு கணம் தயங்கிவிட்டு, துளுக்காணத்தின் தோளைக் காட்டினார்.

"கை நடுங்குது தம்பி, கனமெல்லாம் ஆகாது" என்றார் பெரியவர். "திருட்டுப் பயம். ராத்திரியில தோப்பு வீட்டுல நாங்க மட்டும்தான்."

துளுக்காணம் கேட்டார், "வீட்ல கொழந்தைங்க கீறாங்களா ஐயா?"

"பேத்தி இருக்கா. பயங்கர வாலு. பீரோவைத் திறந்து சேலையெல்லாம் இழுத்துப் போட்டுட்டு உள்ள போய் உட்கார்ந்துக்குவா. வீடு பூரா தேடணும் அவளை."

"இன்னா வயசு?"

"நாலு ஆகப்போகுது. வாயில ஒரு பருக்கை போகாது. வயசுக்கு எடை பத்தலைன்னு டாக்டரம்மா என்னைத்தான் திட்டுது." அவர் சிரித்தார், பேத்தியைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு வரும் சிரிப்பு.

"இத்த எங்க வெப்பீங்க ஐயா?"

"பீரோவுலதான். வேற எங்க வைக்கிறது?"

துளுக்காணத்தின் கழுத்தில் மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. "வாங்காதீங்க ஐயா" என்றார்.

"ஏன் தம்பி, பழுதா?"

"பழுதில்ல."

"பின்ன?"

துளுக்காணம் வாயைத் திறந்தார். சொல்வதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான், அது அந்த எடை. உங்கள் பேத்தி இதில் இருக்கிறாள் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பார். எப்படித் தெரியும் என்றால் எண்ணைச் சொல்ல வேண்டும். எண்ணைச் சொன்னால் அது கைமாறிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பேச்சு அந்த எண்ணில் போய் முடிந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். பிரசன்னகுமார், "மேஸ்திரிக்கு மூணு நாளா ஓய்வில்லை சார், நீங்க கையெழுத்துப் போடுங்க" என்று குறுக்கே வந்து, காகிதத்தில் எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்து, துளுக்காணத்தைப் பார்க்காமல், "எடை சொல்லிக் குடுங்க மேஸ்திரி" என்றார்.

குழு மொத்தமும் வேலையை விட்டுவிட்டு நின்றது. மரகதம் துடைப்பத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். துளுக்காணம் இடது கையால் தோளில் இருந்ததை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைத்துப்பாக்கியை மட்டும், வாழைப்பழத்திலிருந்து தோலை உரிப்பதுபோல மெதுவாக உரித்தெடுத்து, பெரியவரின் நடுங்கும் கையில் வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அட," என்றார் பெரியவர். "எடையே இல்லையே தம்பி இதுல. பஞ்சு மாதிரி இருக்கு."

பிரசன்னகுமார் வாங்கிப் பார்த்தார். எண்ணூறு கிராம், அட்டையில் போட்டது போட்டபடி. அவர் துளுக்காணத்தின் இறங்கிய தோளைப் பார்த்தார், சட்டை அங்கே கொஞ்சம் கசங்கி, யாரோ பிடித்திருப்பதுபோல் மடிந்திருந்ததைப் பார்த்தார். பேனாவை மூடினார். எடை என்று போட்டிருந்த கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்.

எட்டியப்பன் பக்கத்தில் வந்து மெதுவாக, "அண்ணே, சொல்லல நீ" என்றான்.

"தெரியும்டா."

"எறக்க முடியாது இனிமே."

"தெரியும்டா. போய் வண்டியப் பாரு."

கண்காட்சி முடிந்த மறுநாளே எல்லாத் துப்பாக்கியும் பழைய எடைக்குத் திரும்பிவிட்டதாக, அல்லது எல்லோருக்கும் பழகிவிட்டதாகச் சொன்னார்கள். ஈரக்காற்று என்ற அறிக்கை ஏதோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. வியாசர்பாடியில் துளுக்காணம் வலப்பக்கம் சாய்ந்தே படுக்கக் கற்றுக்கொண்டார். இரண்டாம் வாரம் ஒரு நாள் அவர் உட்கார்ந்திருந்தபோது மனைவி பச்சையம்மாள் பின்னால் வந்து, அவருடைய இடது தோளுக்கு மேல் வெறும் காற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கையை எடுக்காமலேயே வெகுநேரம் நின்றாள். அதன் பிறகு வீட்டில் தாளிக்கும்போது மிளகாய் நெடி வந்தால், அவரை வாசலில் போய் நிற்கச் சொல்வாள். மாதவரத்தில் குழு அவருக்கு ஐம்பது கிலோ மூட்டையை நிறுத்திவிட்டு முப்பதைக் கொடுத்தது, அதையும் வலது தோளில்.

எடை நிற்கவில்லை. ஆடி கழிந்தபோது பதினாலரை ஆயிற்று. பொங்கலுக்குப் பதினைந்து. ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கேயோ ஒரு பெண்குழந்தை சாப்பிட ஆரம்பித்திருக்கிறது என்று துளுக்காணம் எட்டியப்பனிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்று வரும், பெரியவர் பேத்தியைப் பற்றிப் பேசியபோது வந்தது போன்ற ஒன்று. ஆனால் அது தங்காது. டீக்கடையில் பேப்பரைப் புரட்டும் எட்டியப்பன் ஏதோ ஒரு மூலையில் நாலே வரியில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு, பேப்பரை மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொள்ளும் நாட்கள் உண்டு. எந்த ஊர் என்று துளுக்காணம் கேட்க மாட்டார். வயசு மட்டும் கேட்பார். கேட்டுவிட்டு, "பதினொண்ணு" என்பார், அல்லது, "ஒம்பது." அன்று முழுக்க அவர் எதையும் சாப்பிடுவதில்லை. ஆறு என்று அவர் சொன்ன நாள் மழை பெய்துகொண்டிருந்தது. அதை அவர் இரண்டு முறை சொன்னார். திருப்பிச் சொல்ல எட்டியப்பனுக்கு வாய் வரவில்லை.

பேருந்தில் அவரை எல்லாக் கண்டக்டர்களுக்கும் தெரியும். கூட்டமாக இருந்தால், "அந்த மேஸ்திரிக்கு இடது பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கப்பா" என்பார்கள்; ஏன் என்று யாரும் கேட்காமல் நகர்ந்துகொள்வார்கள். இப்போது ஐந்து வயது வரைக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் அவர் ஒரு டிக்கெட்டோடுதான் போய் வந்தார். ஒரு திங்கட்கிழமை காலை, மாதவரத்துக்குப் போகும் வண்டியில், நிற்க முடியாமல் கம்பியில் சாய்ந்துகொண்டிருந்த துளுக்காணத்திடம் கண்டக்டர் வழக்கம்போல் ஒன்றைக் கிழித்து நீட்டினார். துளுக்காணம் அதை வாங்கிக்கொண்டு, கையை மடக்காமல் நீட்டியபடியே இருந்தார்.

"என்ன மேஸ்திரி?"

"அஞ்சு முடிஞ்சிட்ச்சுப்பா" என்றார் துளுக்காணம், தூங்குகிறவளை எழுப்பிவிடாத குரலில். "இனிமே ஒரு அரை டிக்கெட்டும் குடு."